76 விநாடியில் எதைச் சொல்லித் தருவது? அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிக் கல்வி: வழிகளும் ஒப்பீடும்

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குக் கிளம்புகிற ஒருவரை வாசலில் நிறுத்தி, "உள்ளே என்ன சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க. ஊசி போட்டாங்க. மாத்திரை எழுதியிருக்காங்க." எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று மேலும் கேட்டால், கையில் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரிப்பார். இல்லையென்றால் கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

இதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை. அவசரப் பிரிவில் மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொண்டதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது. டிஸ்சார்ஜ் அறிவுரைக்குச் செலவான நேரம் சராசரியாக 76 விநாடி. "ஏதாவது கேட்கணுமா?" என்று கேட்கப்பட்டவர்கள் 16 சதவீதம் பேர். சொன்னது புரிந்ததா என்று சோதித்துப் பார்த்த மருத்துவர் ஒருவர்கூட இல்லை.

2009-இல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட உறுத்துகிறது. அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 140 பேரிடம் நோய் என்ன, என்ன சிகிச்சை நடந்தது, வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று நான்கு வகையில் கேட்டார்கள். 78 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்றிலாவது புரிதல் குறைந்திருந்தது. அப்படிக் குறைந்திருந்த இடங்களில் ஐந்தில் நான்கு முறை, தனக்குப் புரியவில்லை என்பதே நோயாளிக்குத் தெரியவில்லை. "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார், உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டு. ஆகவே அந்தக் கேள்வியை மட்டும் நம்பி எந்த ஏற்பாடும் செய்ய முடியாது.

சரி, ஏதாவது செய்ய வேண்டும் என்று பிரிவில் முடிவாகிறது. கூட்டம் கூடுகிறது. ஒருவர் காத்திருப்புக் கூடத்தில் பெரிய டிவி வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் கையேடு அச்சடிக்கலாம் என்கிறார். நோயாளிக் கல்விக்கென்றே ஒருவரை வேலைக்கு எடுக்கலாம், வீட்டுக்குப் போனபின் போன் செய்யலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று ஆளுக்கொன்றாக வருகிறது. எது நல்லது என்று கேட்டால் எல்லாமே நல்லதுதான். ஒன்றுக்குத்தான் ஆளும் நேரமும் இருக்கிறது என்றால் எதை எடுப்பது? அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிரிப்பு

"நோயாளிக் கல்வி" என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதி விவாதம் வீணாகிறது.

ஒன்று, இன்றைய நோய்க்கான கல்வி. தலையில் அடிபட்டு வந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும். மூச்சிரைப்புக்கு வந்தவருக்கு எந்த இன்ஹேலர் தினமும், எது இரைக்கும்போது மட்டும் என்பது. நாய் கடித்து வந்தவருக்கு அடுத்தடுத்த ஊசிகளின் தேதிகள். இவை சிகிச்சையின் பாகம். தையல் போட்டுவிட்டு அதை எப்போது பிரிக்க வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பினால் தையல் வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

மற்றொன்று, பொதுவான நலக் கல்வி. புகை, மது, ஹெல்மெட், தடுப்பூசி, உடல் எடை, சர்க்கரை. ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் அவசரப் பிரிவுக்கு மட்டும் வருகிறார்கள், பிடித்த பிடியில் நாலு நல்லது சொல்லி அனுப்பலாம் என்பது இதன் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணுக்கால் சுளுக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தவரிடம் எடையைக் குறைப்பது பற்றிப் பேசினால் அது அவர் காதில் அறிவுரையாக விழாது, திட்டாகத்தான் விழும். இந்த இரண்டாம் வகையில் என் அளவுகோல் ஒன்றே: இன்று அவரை இங்கே கொண்டுவந்த காரணத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா? குடித்துவிட்டு வண்டியோட்டி விழுந்தவரிடம் மது பற்றிப் பேச இடம் இருக்கிறது. இரைப்போடு வந்த புகைப்பவரிடம் புகை பற்றிப் பேச இடம் இருக்கிறது. தற்செயலாக பிரஷர் அதிகம் என்று தெரிந்தால் ஒரு வரி போதும்: "இது ஒருமுறை பார்த்த கணக்கு, ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள்." மற்றதை விட்டுவிடலாம்.

முதல் வகைக்கு வழி தேடிவிட்டு, பிறகு இரண்டாவதற்கு வருகிறேன்.

வாய், தாள், திரை

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வசதியாக ஒரு தொகுப்பாய்வு இருக்கிறது. அவசரப் பிரிவு டிஸ்சார்ஜ் அறிவுரைகள் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் வந்தது அது. வாயால் மட்டும் சொன்னதில் நோயாளிகள் சரியாக நினைவுகூர்ந்தது சுமார் 47 சதவீதம். எழுதிக் கொடுத்தபோது சுமார் 58. வீடியோவில் காட்டியபோது சுமார் 67.

இதைப் பார்த்ததும் வீடியோதான் வென்றது என்று டிவி வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. மூன்று எண்களும் ஒரே நோயாளிகளிடம் ஒரே பந்தயத்தில் எடுத்தவை அல்ல. வேறு வேறு ஆய்வுகள், வேறு வேறு நோய்கள். ஒவ்வொன்றின் பிழை எல்லையும் அகலமானது. வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது கடைசியில் நிற்கிறது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதோடு இன்னொரு விஷயம். அங்கே வீடியோ என்றால் உங்களுக்கு உள்ள நோயைப் பற்றி, உங்களை உட்காரவைத்துக் காட்டும் வீடியோ. காத்திருப்புக் கூடத்தில் சுவரின் உச்சியில் ஒலியைக் குறைத்துவைத்து நாள் முழுக்கச் சுழலும் படம் அதே இனம் அல்ல. கூடத்தில் இருப்பவர் கண் திரையில் இருப்பதில்லை. தன் பெயரைக் கூப்பிடும் வாசலில் இருக்கிறது. திரையில் மாரடைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே உட்கார்ந்திருப்பவர் காய்ச்சலடிக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். கூடத்து டிவிக்கு எதிராக எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. வைப்பதும் சுலபம், திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் சுலபம். ஒருமுறை பொருத்திவிட்டால் "நாங்கள் கல்வி தருகிறோம்" என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சுலபம்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது.

அதே பணத்தில் இரண்டு டேப்லெட் கணினி வாங்கி, நர்ஸ் கையில் கொடுத்து, இன்ஹேலர் பிடிக்கும் முறையை இரண்டு நிமிடப் படமாகப் படுக்கைக்குப் பக்கத்தில் காட்டினால் அது வேறு கதை. நோயாளியின் போனிலேயே திறக்கும்படி இணைப்பு ஒன்றைக் கொடுத்தால், வீட்டுக்குப் போனபின் மறந்ததையும் பார்த்துக்கொள்ளலாம். வீடியோவின் உண்மையான பலம் அது களைத்துப்போவதில்லை என்பது. இரவு மூன்று மணிக்குப் பதினாறாவது நோயாளிக்கும் அதே நிதானத்தோடு சொல்லும். எந்த மனிதருக்கும் அது வாய்க்காது.

தாளுக்கு வருவோம். அச்சுத் தாள் பற்றி ஆஸ்பத்திரிகளில் ஒரு பழைய தவறு உண்டு: நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்ற நினைப்பு. நான்கு பக்கம், சிறிய எழுத்து, எல்லா எச்சரிக்கையும் ஒரே வரிசையில். பின்னால் வழக்கு வந்தால் "நாங்கள் சொல்லியிருக்கிறோம்" என்று காட்ட அது உதவும். படிக்கிறவருக்கு உதவாது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் பிடிக்கும். தையல் போட்ட காயத்தோடு வீட்டுக்குப் போகிறவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான எழுத்துத் தாள், மறுபாதிக்கு அதே செய்தி கார்ட்டூன் படங்களோடு. படத் தாள் வாங்கியவர்களில் 98 சதவீதம் பேர் அதைப் படித்திருந்தார்கள், எழுத்துத் தாளில் 79. காயப் பராமரிப்பு பற்றிய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் படத் தாளில் 46 சதவீதம், எழுத்துத் தாளில் 6. சொன்னபடி நடந்துகொண்டவர்கள் 77-க்கு எதிராக 54.

இதில் அந்த 6 சதவீதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். தாளைப் படித்தவர்கள் முக்கால்வாசிக்கும் மேல், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். படித்தது வேறு, ஏறியது வேறு.

ஆகவே தாள் போடுவதென்றால் ஒரு நோய்க்கு ஒரு பக்கம். மேலே மூன்று கேள்விக்கான பதில்: எனக்கு என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? ஏன் அதைச் செய்ய வேண்டும்? கீழே ஒரு கட்டத்துக்குள், எது நடந்தால் உடனே வர வேண்டும் என்பது, படத்தோடு. நோயாளி பேசும் மொழியில். மொழிபெயர்ப்பைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு யாரும் படித்துப் பார்க்காமல் அச்சடிப்பது ஆபத்து. "ஒரு நாளைக்கு ஒருமுறை" என்பது "ஒரு மணிக்கு ஒருமுறை" என்று மாறி அச்சானாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

திருப்பிச் சொல்லவைப்பது

எந்தக் கருவியும் தேவைப்படாத வழி இது. சொல்லி முடித்தபின், கேட்டவரையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவைப்பது. ஆங்கிலத்தில் டீச்-பேக் என்பார்கள். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "புரிஞ்சுதா? சொல்லுங்க பார்ப்போம்" என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் நினைவுக்கு வருவார், வாய் அடைத்துப்போகும். "நான் சரியா சொன்னேனான்னு எனக்கே தெரியணும்மா. வீட்டுக்குப் போனதும் இந்த மருந்தைப் பாப்பாவுக்கு எப்படிக் கொடுப்பீங்க?" என்றால் பாரம் சொன்னவர் மேல் ஏறுகிறது, கேட்டவர் தயங்காமல் பேசுகிறார்.

எழுத்தறிவும் நலம் பற்றிய அறிவும் குறைந்த நோயாளிகளிடம் அவசரப் பிரிவிலேயே இதைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. திருப்பிச் சொல்லவைக்கப்பட்டவர்கள் மருந்து, வீட்டுப் பராமரிப்பு, மறுவருகை ஆகிய மூன்றிலும் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களது மனநிறைவு மதிப்பெண் கூடவில்லை. நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். நோயாளித் திருப்தி மதிப்பெண்ணை வைத்து எந்த வழி நல்லது என்று முடிவுசெய்தால் இந்த வழி தோற்றுவிடும். நன்றாகப் புரிந்தவரும் அரைகுறையாகப் புரிந்தவரும் ஒரே அளவு திருப்தியோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதன் குறை நேரம். ஒரு நோயாளிக்குக் கூடுதலாக மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 100 பேர் டிஸ்சார்ஜ் ஆனால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேர நர்ஸ் வேலை. ஸ்ட்ரெச்சர் வரிசையில் நிற்கும் பிரிவில் அதை யாரும் தர மாட்டார்கள். எல்லாருக்கும் செய்வோம் என்று ஆரம்பித்து இரண்டே வாரத்தில் யாருக்கும் செய்யாமல் போவதுதான் நடக்கும். ஆபத்து அதிகமுள்ள 30 பேருக்கு மட்டும் என்றால் 90 நிமிடம், மூன்று ஷிப்டுக்கும் பிரித்தால் ஷிப்டுக்கு அரை மணி. அது நடக்கக் கூடியது.

கையில் கொடுத்து அனுப்புவது

இந்த ஒப்பீட்டில் பலரும் தனி வழியாகவே எண்ணாத ஒன்றை நான் மேலே தூக்கி வைக்கிறேன்.

குழந்தைக் காய்ச்சல் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மருந்து பல செறிவுகளில் பாட்டிலில் வருகிறது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. "ஒரு ஸ்பூன்" என்று சொன்னால், எந்த ஸ்பூன்? அளவு ஸ்பூன் என்பது 5 மில்லி. சமையலறை ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வந்த பெற்றோரில் ஒரு குழுவுக்குப் படம் போட்ட மருந்துத் தாள் கொடுத்து, அதை வைத்தே விளக்கி, திருப்பிச் செய்துகாட்டச் சொல்லி, அளவுக் கோடு போட்ட வாய்வழி சிரிஞ்சையும் கையில் கொடுத்தார்கள். தினசரி மருந்தில் அளவு தவறியவர்கள் அந்தக் குழுவில் 5.4 சதவீதம். வழக்கமான முறையில் அனுப்பப்பட்டவர்களில் 47.8 சதவீதம். ஏறத்தாழ பாதிப் பேர் அளவு தவறிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன பின்.

படமா, பேச்சா, சிரிஞ்சா, எது வேலை செய்தது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே போயின. ஆனால் சிரிஞ்சில் கோடு இருக்கிறது. இரவில் குழந்தை அழும்போது தாளைத் தேடாமலே அந்தக் கோடு கண்ணில் படும். இன்ஹேலர் விஷயமும் இப்படித்தான். மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்புவதற்கும், இங்கேயே ஸ்பேசரோடு (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) கொடுத்து, குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தி மெல்ல இழுத்து, பத்து விநாடி அடக்கி, ஒருமுறை தன் கையால் செய்யவைத்து அனுப்புவதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. சொல்லும் பாடத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருந்தால் பாடம் வீடு வரை போகிறது.

தனியாக ஒருவரை நியமிப்பது

பணம் இருக்கிற இடத்தில் இதுதான் எல்லார் கனவும். நோயாளிக் கல்விக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர், படுக்கை படுக்கையாகப் போய் உட்கார்ந்து பேசுவார். நர்ஸுக்குச் சுமை இல்லை, மருத்துவருக்குத் தொல்லை இல்லை.

ஆஸ்துமாவில் இது போன்ற முயற்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வுகள் இரண்டை அருகருகே வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களுக்குக் கல்வி தந்ததைத் தொகுத்த 2007 ஆய்வில், பின்னால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, ஆனால் அவசரப் பிரிவுக்கு மறுபடி வருவது உறுதியாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. குழந்தைகளைத் தொகுத்த 2009 ஆய்வில் இரண்டுமே குறைந்தன.

பெரியவர்கள் திரும்ப வருவது குறையவில்லை என்பதைத் தோல்வி என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகக் கற்ற ஆஸ்துமா நோயாளி மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வந்துவிடுவார். வருகை எண்ணிக்கையில் அவர் ஒன்றுதான், ஆனால் வார்டில் சேர்க்க வேண்டிய நிலைக்குப் போகாமல் வந்திருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் "கல்வி தந்தால் கூட்டம் குறையும்" என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துப் பதவி வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கூட்டம் குறையாமலே கல்வி வேலை செய்துகொண்டிருக்கலாம்.

தனி ஆள் வழியின் இன்னொரு குறை கடிகாரம். அவருக்கு ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை வேலை. மூச்சிரைப்பு இரவில் வரும், விபத்து வார இறுதியில் வரும், குழந்தைக் காய்ச்சல் நள்ளிரவில் வரும். அவர் இல்லாத பதினாறு மணி நேரத்தில் மற்றவர்கள், "அது அவர் வேலை" என்று கையை விட்டுவிடுவார்கள். முன்பாவது அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது அதுவும் போகும். ஆள் எடுத்தால் நோயாளிக்குக் கற்றுத்தர என்பதைவிட நர்ஸுகளுக்குக் கற்றுத்தர, தாள்களைச் சீர்செய்ய என்று எடுப்பது மேல்.

வீட்டுக்குப் போனபின் போன்

சுருக்கமாகவே சொல்லலாம். வயதானவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஆனபின் நர்ஸ் போன் செய்து விசாரிப்பதை, 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 2,000 பேரிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 30 நாளில் திரும்பி வருவது, ஆஸ்பத்திரியில் சேர்வது, இறப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பாசமான வழி, எதிர்பார்த்த பலன் இல்லை. மருந்து வாங்க முடியாதவர், தேதி தவறவிட்டவர் போன்றோரைப் பிடிக்க ஒரு போன் உதவும், சரி. நாய்க்கடி ஊசித் தவணை போலத் தேதி சார்ந்த விஷயங்களுக்குக் குறுஞ்செய்தி மலிவான நினைவூட்டல். அதற்கு மேல் அதன்மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

மது, போதை: இங்கே விதி மாறுகிறது

இரண்டாம் வகைக் கல்வியில் உறுதியாகப் பேச இடமுள்ள பகுதி இதுதான். 1999-இல் அமெரிக்காவில் விபத்துச் சிகிச்சை மையம் ஒன்றில் நடந்த ஆய்வில், குடிப்பழக்கம் உள்ள காயமடைந்தவர்களுக்கு ஒருமுறை, சுருக்கமாக, பழிக்காமல் பேசிய குழுவில் மறுபடி காயப்பட்டு வருவது சுமார் 47 சதவீதம் குறைந்தது. பிறகு அந்நாட்டின் உயர்நிலை விபத்து மையங்களுக்கு இது அங்கீகார நிபந்தனையாகவே ஆனது.

ஹெராயின், சில வலுவான வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு போதையில் நிலைமை வேறு. 2015-இல் வெளியான சோதனையில் அவசரப் பிரிவுக்கு வந்த 329 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எங்கே சிகிச்சை கிடைக்கும் என்ற தகவல் மட்டும். அடுத்ததற்குச் சுருக்கமான பேச்சும் உதவியோடு கூடிய பரிந்துரையும். மூன்றாவதற்கு அந்தப் பேச்சோடு, அந்தப் போதைக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபினையும் அங்கேயே தொடங்கிவிட்டார்கள். முப்பதாம் நாளில் சிகிச்சையில் நீடித்தவர்கள் முறையே 37, 45, 78 சதவீதம். தகவலுக்கும் பேச்சுக்கும் இடையில் சிறிய இடைவெளி, பேச்சுக்கும் மருந்துக்கும் இடையில் பெரிய பள்ளம். குழந்தை மருந்து சிரிஞ்சுக்குச் சொன்னதுதான் இங்கேயும்: கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்பிய பேச்சு நின்றது. உங்கள் பிரிவில் அந்த மருந்தைத் தொடங்க வசதியும் தொடர்சிகிச்சைக்கு இடமும் இருந்தால், போதை பற்றிக் கையேடு அச்சடிக்கும் யோசனையை அன்றே கைவிடலாம்.

யாரிடம் சொல்வது

எந்த வழியை எடுத்தாலும், மாணவர் யார் என்பதை யாரும் கேட்பதில்லை. வலி ஊசியின் மயக்கத்தில், தலையில் கட்டோடு, சட்டையில் ரத்தத்தோடு இருப்பவர் அந்த அறையில் கற்க மிகவும் தகுதியற்றவர். வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போகிறவர், இரவில் எழுப்பிப் பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் கதவுக்கு வெளியே நிற்கிறார். காரணம், "ஒருத்தருக்கு மேல உள்ளே வரக் கூடாது." பில் கட்டவும் மருந்து வாங்கவும் அவரை அனுப்பிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் டிஸ்சார்ஜ் அறிவுரை சொல்லி முடிப்பது பல பிரிவுகளின் வழக்கம். அந்தச் சில நிமிடங்கள் பொறுத்து, அவர் திரும்பி வந்தபின் சொல்வதற்குக் காசு செலவில்லை. தலைக்காயத்தில் அபாய அறிகுறிகளைக் கவனிக்கப் போகிறவரே அவர்தான் என்கிறபோது, அவர் இல்லாமல் சொன்னதைச் சொல்லாத கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மது, போதை, கர்ப்பம், வீட்டில் அடி என்று ரகசியம் காக்க வேண்டிய விஷயங்களில் மட்டும் இது தலைகீழ்: அப்போது நோயாளியிடம் தனியாக, அவர் சம்மதித்தால் மட்டும் மற்றவரிடம்.

நான் எடுக்கும் வரிசை

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் ஒரு பக்கப் படத் தாளும் திருப்பிச் சொல்லவைப்பதும் சேர்ந்தது. இவற்றை இரண்டாக எண்ண மாட்டேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசி, அதில் நோயாளிக்குரிய அளவையும் தேதியையும் பேனாவால் எழுதி, அதைக் காட்டியே திருப்பிச் சொல்லவைப்பது. எல்லா நோய்க்கும் வேண்டாம். உங்கள் பிரிவில் அடிக்கடி வருவதும், வீட்டில் தவறினால் ஆபத்தாவதுமான ஐந்தை எடுங்கள். என்னைக் கேட்டால் குழந்தைக் காய்ச்சல், மூச்சிரைப்பு, தலைக்காயம், தையல் காயம், சர்க்கரை தாழ்ந்து மயங்கியது. உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம், ஐந்தைத் தாண்டாமல் இருந்தால் சரி.

கொஞ்சம் கூடுதல் பணம் வந்தால் அது அளவு சிரிஞ்சுக்கும் ஸ்பேசருக்கும் போகட்டும். அதற்குப் பிறகு டேப்லெட். அதற்கும் பிறகுதான் தனி ஆள், மேலே சொன்ன நிபந்தனையோடு. கூடத்து டிவி பட்டியலின் கடைசியில். ஏற்கெனவே இருந்தால், "உள்ளே போனதும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்" என்று அதில் நிரந்தரமாக எழுதிவையுங்கள், ஓசையில்லாமலே அது வேலை செய்யும்.

ஒரே மருத்துவரும் இரண்டு நர்ஸும் இருக்கும் சிறிய இடமானால் வரிசை மாறலாம். அங்கே ஆளின் நேரம்தான் மிகவும் அரிது, ஆகவே போனில் திறக்கும் குறும்படம் திருப்பிச் சொல்லவைப்பதற்கு முன்னால் வரக்கூடும். பல மொழி பேசுகிறவர்கள் வரும் இடத்திலும் அப்படியே. மொழி தெரிந்த நர்ஸ் அந்த ஷிப்டில் இல்லாமல் போகலாம், படம் எப்போதும் இருக்கும்.

எதை எடுத்தாலும், தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது உள்ளபடியே, இந்த வாரம் வீட்டுக்குப் போன இருபது பேருக்கு இரண்டாம் நாள் போன் செய்யுங்கள். அறிவுரை சொல்ல அல்ல, மூன்று கேள்வி கேட்க: உங்களுக்கு என்ன என்று சொன்னார்கள், மருந்தை எப்படி எடுக்கிறீர்கள், என்ன ஆனால் உடனே வருவீர்கள்? மூன்றும் சரியாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று குறித்துவையுங்கள். புதிய ஏற்பாடு ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து வேறு இருபது பேரிடம் அதே கேள்விகள். போன் செய்கிறவர் அறிவுரை சொன்னவராக இருக்கக் கூடாது. ஒருவர் தவறான அளவில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது அந்த அழைப்பில் தெரியவந்தால், கணக்கை விட்டுவிட்டு அப்போதே திருத்திவிட வேண்டும்.